4.41-க்கு வந்த விருந்தாளி

“கையை மட்டும்தாம்மா கேக்கறேன். உசுரையா கேட்டேன்?”

கிருஷ்ணப்பா இதைச் சொன்ன விதத்தில் கோபமே இல்லை. அதுதான் தாட்சாயணிக்குப் பிடிக்கவில்லை. கோபத்தில் கொடுவாள் தூக்குகிறவனைப் பேசி உட்கார வைத்துவிடலாம். சித்தூரில் ஆறு வருடம் கான்ஸ்டபிளாக இருந்தபோது அப்படிப் பல பேரை உட்கார வைத்திருக்கிறாள். இந்த ஆளோ நகரியிலிருந்து கரும்பு வெட்டுகிற கொடுவாளோடு வந்து, அதன் கூர்ப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, கடையில் தேங்காய் கேட்பதுபோல ஒரு கையைக் கேட்கிறார்.

கேட்ட கை தமிழ்செல்வனுடையது. ரேணிகுண்டா ரயில்வே ஒர்க்ஷாப்புக்குப் பின்தெருவில் இருக்கும் அந்த வீட்டு ஹாலில், ஜன்னல் கம்பியோடு அவனைக் கட்டிப் போட்டிருந்தார்கள். வயது இருபத்து நாலு. நாகலாபுரத்துக் கூலிக்கார வீட்டுப் பிள்ளை. அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் கேட்டு நிமிடத்துக்கு எழுபது வார்த்தை டைப் அடிக்கிறவன். நைனாவுக்கும் இரண்டு தங்கைகளுக்கும் அந்த விரல்கள்தான் சோறு. இப்போது ஒரு கண் முழுசாக மூடியிருந்தது. உதட்டிலிருந்து ரத்தமும் எச்சிலும் நூலாக இறங்கிச் சட்டையில் சேர்ந்தன. இரண்டு பற்கள் தரையில் கிடந்தன. யாரும் பெருக்கவில்லை.

நகரியிலிருந்து இன்னொரு லாரியில் சொந்தக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வந்து சேரும்வரை தாட்சாயணிக்குக் கெடு. வந்ததும் தமிழ்செல்வனின் வலது கை மணிக்கட்டோடு போகும். அதற்கப்புறம் போலீஸ் வந்தால் வரட்டும் என்பது கிருஷ்ணப்பாவின் கணக்கு. போலீஸும் இப்போதைக்கு வராது. பிரம்மோற்சவ பந்தோபஸ்துக்கு ஸ்டேஷனே மலையேறிவிட்டது. மிச்சமிருந்த ஒரே ஏட்டும் இன்ஸ்பெக்டரைத் தேடித் திருமலைக்குப் போயிருந்தார்.

நடந்தது இதுதான். ஆயுத பூஜை. காலை ஒன்பதரைக்குக் கோவர்த்தனன் தன் கையாலேயே கற்பூரம் காட்டியிருக்கிறார். அவர்தான் இந்த வீட்டுக்கும், வீட்டுக்குள் நடக்கும் டைப்பிங் தொழிலுக்கும் முதலாளி. கிருஷ்ணப்பா அவருக்குத் தாய்மாமன். பத்து மணிக்கு வீடே தெருக்கோடிக்குப் போயிருக்கிறது, லாரிக்குப் பூசணிக்காய் உடைக்க. கோவர்த்தனன் மட்டும் வீட்டில். தமிழ்செல்வனை எலுமிச்சம்பழத்துக்கு அனுப்பியிருந்தார்.

பத்தே முக்காலுக்குத் திரும்பியவர்கள் கண்டது கம்ப்யூட்டர் அறையில் மல்லாந்து கிடந்த கோவர்த்தனனை. மண்டையின் இடப்பக்கம் உள்ளே போயிருந்தது. பூஜையில் வைத்திருந்த கடப்பாரை தமிழ்செல்வன் கையில். அதில் எது குங்குமம், எது ரத்தம் என்று தெரியவில்லை. அவர்மேல் கிடந்ததைத் தூக்கினேன் என்று அவன் சொல்ல ஆரம்பித்த வாக்கியத்தை யாரும் முடிக்க விடவில்லை. போன வாரம்தான் கோவர்த்தனன் இவனைத் தெருவில் வைத்துச் செருப்பால் அடித்திருந்தார். தன் தங்கை கல்பனாவுக்கு இவன் எழுதிய கடிதம் கையில் சிக்கியதற்காக.

அந்தக் கல்பனாதான் பூத்திலிருந்து போன் போட்டுத் திருப்பதியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கும் தாட்சாயணியைக் கூப்பிட்டாள். தாட்சாயணி கிரண்குமாரின் ஆட்டோவில் வந்தாள். கிரண்குமார் அவளுடைய உதவியாள். மற்ற நேரத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்பான். வாய் எல்லா நேரத்திலும் வேலை செய்யும்.

“அக்கா, இந்த வூட்ல நாலு கம்ப்யூட்டருக்கும் பொட்டு வெச்சிக்கீறாங்க. நாளைக்குக் காலைல வரைக்கும் யாரும் தொடமாட்டாங்களாம். எனக்கும் ஒரு பொட்டு வெச்சு அதுங்ககூட உக்கார வெச்சிட்டாங்கன்னா நான் பத்தரமா இருப்பேன்.”

“வாயை மூடிக்கினு ரூமைப் பாரு.”

கிரண்குமார் பார்த்தான். நாலு கம்ப்யூட்டரும் ஹாலில் பூஜை வரிசையில், ஒயர் கழற்றி, அரிவாளுக்கும் ஸ்பானருக்கும் பக்கத்தில் இருந்தன. அறையில் பிணமும் ஈயும்தான். அவன் பிணத்தைத் தாண்டாமல் சுவரோரமாகப் போய், மேலே அண்ணாந்து பார்த்து, அப்படியே நின்றுவிட்டான்.

பரண்மேல் ஒரு பெட்டி. மானிட்டர் கிடையாது. முன்பக்கம் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூ இல்லை, பொட்டு இல்லை.

இதை ஏன் பூஜையில் வைக்கவில்லை என்று அவன் கேட்டதற்குக் கல்பனா சொன்ன பதில் எளிமையாக இருந்தது. டிவி மாதிரி முகம் இருப்பதுதான் கம்ப்யூட்டர். அது தமிழ்செல்வன் ஏதோ செய்து பரணில் வைத்த வெறும் டப்பா. அதை யாரும் வேலை செய்கிற சாமானாகவே நினைக்கவில்லை. அதனால் யாரும் அணைக்கவும் இல்லை.

கிரண்குமார் ஆட்டோவுக்கு ஓடினான். அன்றைக்கு டெலிவரி கொடுக்க வைத்திருந்த ஒரு பதினாலு இஞ்ச் மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கி வந்தான். நல்ல நாள் என்பதால் அந்த மானிட்டருக்கும் சாமந்தி மாலை போட்டிருந்தது. டப்பாவைப் பரணிலிருந்து ஹால் மேஜைக்கு இறக்கி, கரண்ட் போகாதபடி யு.பி.எஸ்ஸோடு சேர்த்து நகர்த்தி, மானிட்டரைச் சொருகினான்.

“லினக்ஸ். தமிழு சும்மா கில்லி மாதிரி போட்டுக்கீறான்.”

ஜன்னலோரம் கட்டியிருந்தவன் தன் பெயரைக் கேட்டு ஒற்றைக் கண்ணைத் திறந்தான்.

இது என்ன செய்யும் என்று தாட்சாயணி கேட்டாள். கிரண்குமார் குரலைத் தாழ்த்தினான்.

“மலைமேல ரூம் குடுக்கற ஆபீஸ் கீதே, அதுக்கா இது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் வேணும். முன்னல்லாம் நாமளே கையால போடணும். ஒரே நம்பரை ரெண்டுக்குப் போட்டுட்டா ரெண்டும் படுத்துக்கும். இவன் உள்ள ஒரு குமாஸ்தாவ உக்கார வெச்சுட்டான். ஒயரச் சொருவுனா போதும், காலியா கீற நம்பர குமாஸ்தாவே குடுத்துருவான். இவ்ளோ நேரம்தான் உனக்குன்னு கெடுவும் வெப்பான். எல்லாத்தையும் ரிஜிஸ்டர்ல எழுதுவான்.”

“இந்த நாலு கம்ப்யூட்டருக்கும்?”

“அதுங்களுக்குப் பதினொண்ணுலர்ந்து பதினாலு வரைக்கும் எப்பவும் அதே நம்பரு. வூட்டு ஆளுங்க, ரிஜிஸ்டர்ல ஏறாது. எரநூறுலர்ந்து எரநூத்தி நாப்பத்தொம்போது வரைக்கும் வெளியாளுக்கு. ரிஜிஸ்டர்ல கீற பேரெல்லாம் விருந்தாளிங்கதான்.”

அவன் கீபோர்டில் தட்டினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து இறங்கியது. இன்றைய தேதியில் ஒரே ஒரு விருந்தாளி. நம்பர் 249. பக்கத்தில் வந்தவனின் அங்க அடையாளம்போலப் பன்னிரண்டு எழுத்து. ஒயர் சொருகுகிற கார்டுக்குள்ளேயே கம்பெனி பொறித்து அனுப்பும் அடையாளம் அது. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. அதற்கும் பக்கத்தில் நேரம். 04:41.

கிரண்குமார் தாட்சாயணியின் காதருகே குனிந்து இன்னொரு விஷயம் சொன்னான். ஒரே வரிதான். அவள் முகம் மாறவில்லை. இதை இனி நான் சொல்லும்வரை உன் வாயிலிருந்து வரக்கூடாது என்று மட்டும் சொன்னாள்.

பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி படித்தாள். இன்றைக்கு இந்த வீட்டில் ஒரு வெளியாள் கம்ப்யூட்டர் ஒயர் சொருகியிருக்கிறது. நேரம் நாலு மணி நாற்பத்தொன்று.

ஹாலில் கிருஷ்ணப்பாவோடு நகரியிலிருந்து வந்த மூன்று பேர் இருந்தார்கள். மூலையில் நாற்காலியில் யஸ்வந்த். கோவர்த்தனனின் தம்பி, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. காலை ஆறு மணி பஸ் பிடித்துப் பன்னிரண்டரைக்கு வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் செய்தியே தெரியும் என்று அழுதிருந்தான். லேப்டாப் பை இன்னும் தோளிலிருந்து இறங்கவில்லை.

கிருஷ்ணப்பா மெதுவாக எழுந்தார்.

“விடிகாலைல அந்த ரூம்ல யாரு படுத்துக்கினு இருந்தது?”

மெஷினுக்குக் காவலாகத் தமிழ்செல்வன்தான் அங்கே படுப்பான் என்று யாரோ சொன்னார்கள்.

“அப்போ ரெண்டு பேரு. விடிகாலைலயே ஆளக் கூட்டியாந்து உள்ள வுட்டுக்கீற. யார்றா அவன்?”

யாரும் வரவில்லை என்றான் தமிழ்செல்வன். பல் போன வாயிலிருந்து சொல் காற்றாக வந்தது. கிருஷ்ணப்பா அவன் வலது கையை மட்டும் கட்டவிழ்த்தார். இரண்டு பேர் அதை ஜன்னல் திண்டின்மேல் பரப்பிப் பிடித்தார்கள். கொடுவாளைத் திருப்பினார். கூர் மேலே, முதுகு கீழே.

கிரண்குமார் வாயைத் திறந்தான். தாட்சாயணி அவன் காலை மிதித்தாள். குதிகாலின் முழுப் பாரத்தையும் போட்டு மிதித்தாள்.

முதல் அடியில் ஆள்காட்டி விரல். பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம். தமிழ்செல்வன் கத்தியதில் உள்ளறையிலிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். கல்பனாவை இரண்டு பேர் இழுத்துப் பிடித்தார்கள். யார் அவன் என்று மறுபடி கேள்வி. இரண்டாவது அடி. நடுவிரல். மூன்றாவது அடியில் மோதிர விரலின் தோல் கிழிந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அவன் கம்பியிலேயே தொங்கிப்போனான்.

தாட்சாயணி இந்த நேரம் முழுக்கத் தமிழ்செல்வனைப் பார்க்கவில்லை. யஸ்வந்தைப் பார்த்தாள். தோளிலிருந்த பை மெல்லக் கீழே இறங்கித் தரையைத் தொட்டது. காலையிலிருந்து இப்போதுதான் அவன் முதுகு நாற்காலியில் சாய்ந்தது.

“போதும். செத்துட்டான்னா பேரு யாருகிட்ட கேப்பீங்க?” என்றாள் தாட்சாயணி.

கிருஷ்ணப்பா நிறுத்தினார். அவள் வேகமாகப் பேசினாள். கூட வந்தவன் தப்பி ஓடிக்கொண்டிருக்கிறான். ஸ்டேஷன் போனை யாரும் எடுப்பதில்லை. சித்தூர் எஸ்.பி. ஆபீசுக்கு மெயில் அனுப்பினால் ரோட்டிலேயே மடக்குவார்கள். இந்த டப்பாவில் மெயில் போகாது, பூஜையில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒன்றைப் போட்டுக் கொடுங்கள்.

அவள் எதிர்பார்த்தபடியே கிருஷ்ணப்பா மறுத்தார். ஒருவன் மண்டை உடைந்து உள்ளே கிடக்கிறான், இன்னொருவன் விரலை இப்போதுதான் உடைத்தார். ஆனாலும் பூஜையில் வைத்த சாமானை மறுநாள் கற்பூரம் காட்டாமல் தொடக்கூடாது. அப்புறம் அவரே வழியும் சொன்னார். யஸ்வந்த் கையில் ஒன்று வைத்திருக்கிறானே, அது பூஜையில் இல்லையே.

எல்லாரும் யஸ்வந்தைப் பார்த்தார்கள்.

இந்த வீட்டு லைனில் இதை ஒரு நாளும் மாட்டியதில்லை, செட்டிங் எதுவும் தெரியாது என்றான் அவன்.

“அத ஏன் சார் நீங்க கஷ்டப்படறீங்க” என்றான் கிரண்குமார். மிதிபட்ட காலைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான். “சொருவுனா போதும். தானா நம்பர் குடுக்கும். பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு காபி குடுக்கற மாதிரி, கேக்காமயே வரும்.”

யஸ்வந்த் சொருகினான். தாய்மாமன் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன செய்வான்?

மேஜைமேல் மாலை போட்ட மானிட்டரில் ஒரு வரி ஏறியது. பிறகு இன்னொன்று. கிரண்குமார் விரலால் தொட்டுக் காட்டினான். பன்னிரண்டு எழுத்து, அப்படியே. நம்பர் 249.

தாட்சாயணி எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொன்னாள். புதுசாக வருகிறவருக்குக் குமாஸ்தா இதுவரை யாருக்கும் கொடுக்காத ரூமைத்தான் கொடுப்பான். பழைய ஆள் வந்தால் முகம் பார்த்து அதே ரூம். யஸ்வந்துக்கு அதே ரூம் கிடைத்திருக்கிறது. இந்த லேப்டாப் இன்றைக்கு இரண்டாம் தடவையாக இந்த வீட்டுக்குள் வருகிறது.

 கிருஷ்ணப்பா கொடுவாளைக் கை மாற்றினார்.

யஸ்வந்த் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நன்றாகவே அழுதான். மறைத்தது தப்புதான் மாமா என்றான். ராத்திரி பஸ்ஸில் கிளம்பி விடிகாலை நாலரைக்கு வந்தானாம். அண்ணனே கதவைத் திறந்தாராம். அமெரிக்கக் கம்பெனியிலிருந்து வந்த மெயிலைக் காட்டினானாம். விசா கையில் வரும்வரை யாருக்கும் சொல்லாதே, கண் படும் என்று அண்ணன்தான் சொன்னாராம். ஐந்து மணிக்கெல்லாம் திருப்பதிக்குப் போய் லாட்ஜில் தூங்கிவிட்டானாம்.

“தமிழ்செல்வன் அந்த ரூம்லதான படுத்துக்கினு இருந்தான்?”

“அவன் தூங்கிட்டிருந்தான் மேடம். எழுப்பல.”

“நாலு நாப்பத்தொண்ணு. நல்லா ஞாபகம் கீதா?”

“ஆமா மேடம். ஒயர் சொருவறப்ப வாட்ச்சப் பாத்தேன். நாலு நாப்பது இருக்கும். உங்க ரிஜிஸ்டர்லயே இருக்குதே.”

“கிரணு. இப்ப வாயைத் தொற.”

கிரண்குமார் சுவரிலிருந்த கடிகாரத்தைக் காட்டினான். மாலை நாலு இருபது. பிறகு திரையைக் காட்டினான். இப்போது, இந்த நிமிடம், எல்லார் கண்முன்னாலும் யஸ்வந்த் சொருகியதற்குக் குமாஸ்தா எழுதிய நேரம் 10:50.

“இந்த ரிஜிஸ்டரு நம்மூரு டைம்ல எழுதாது பெரியவரே. லண்டன் பக்கத்து டைமு. லினக்ஸ்ல இத செஞ்சவங்க அப்பிடி வெச்சுக்கீறாங்க. கூட அஞ்சரை மணி நேரம் போட்டுக்கணும். பத்து அம்பதுன்னா நாலு இருபது. அப்போ நாலு நாப்பத்தொண்ணுன்னா?”

கிருஷ்ணப்பா விரல் மடக்கினார். கரும்பு லோடு கணக்குப் போடுகிற விரல். சீக்கிரமே வந்து சேர்ந்தார்.

“பத்து பதினொண்ணு.”

“நம்ம டைம்லயே எழுதற ஃபைலும் ஒண்ணு உள்ள கீது. அதுலயும் பத்து பதினொண்ணுதான். வூட்டு ஆளுங்கல்லாம் பூசணிக்கா ஒடைச்சுக்கினு இருந்தாங்க.”

விடிகாலை நாலு நாற்பதுக்கு யஸ்வந்த் இந்த வீட்டில் இல்லவே இல்லை. இல்லாத நேரத்துக்கு வாட்ச் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறான்.

அடுத்த நொடி அவன் லேப்டாப்பை ஒயரோடு பிடுங்கிக் கிரண்குமாரின் நெற்றியில் வீசினான். கிரண்குமார் சுருண்டான். யஸ்வந்த் பூஜை வரிசையிலிருந்து அரிவாளை எடுத்தான். பூ சிதறியது. தாட்சாயணி குறுக்கே போனாள். அரிவாள் அவள் முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் திறந்துவிட்டது. அவள் மறு கையால் மேஜையின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள். பன்னிரண்டு கிலோ மானிட்டர் மாலையோடு சரிந்து யஸ்வந்தின் பாதத்தில் விழுந்து வெடித்தது. கண்ணாடித் தூள் கூரைவரை போனது. அவன் பாதம் இருந்த இடத்தில் இருந்தது, ஆனால் பாதம் மாதிரி இல்லை.

“டெலிவரி போச்சு” என்றான் தரையிலிருந்து கிரண்குமார்.

யஸ்வந்த் படுத்தபடியே கத்தினான். மூணு வருஷம் அண்ணன் கம்பெனியில் மேனேஜராக இருந்தேன் என்று அவனே லெட்டர் தயாரித்து, அண்ணன் கையெழுத்தை அவனே போட்டிருக்கிறான். உண்மையா என்று கேட்டு அமெரிக்காவிலிருந்து மெயில் வந்திருக்கிறது. லேப்டாப்பை லைனில் மாட்டிக் கொடுத்து, ஒரு வரி, ஆமாம் என்று பதில் போடு என்று காலில் விழுந்தானாம். மாட்டேன், பொய் என்று எழுதுவேன் என்றாராம் அண்ணன்.

“ஒரே ஒரு வரி மாமா. கூடப் பொறந்தவனுக்கு அத எழுத மாட்டாராம்.”

கிருஷ்ணப்பா கொடுவாளை ஓங்கினார். இந்தத் தடவை கூர்தான் கீழே. தாட்சாயணி தோளால் அவரை இடித்தாள். கொடுவாள் யஸ்வந்தின் காதை உரசிக் கதவு நிலையில் நாலு விரல் ஆழம் இறங்கி நின்றது. கிழவர் அதைப் பிடுங்கப் பார்த்தார், முடியவில்லை, அப்படியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். திண்டின்மேல் அந்தக் கை இன்னும் அவர் பரப்பிய மாதிரியே கிடந்தது.

நகரி லாரியும் போலீஸ் ஜீப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கல்பனா கட்டவிழ்த்தாள். யாரும் தடுக்கவில்லை.

திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கிளம்பியது. கிரண்குமார் நெற்றியில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டினான். பின்னால் தாட்சாயணி. கட்டுப் போட்ட அவள் கை சொட்டிக்கொண்டே வந்தது. பக்கத்தில் தமிழ்செல்வன். கல்பனாவின் தாவணியில் சுற்றிய கையை மடியில் ஏதோ வேறொருவருடைய பொருளைப்போல வைத்திருந்தான்.

ரயில்வே கேட் மூடியிருந்த இடத்தில் ஆட்டோ நின்றபோது அவன் பேசினான்.

“அக்கா. அந்த டைமு நம்ம டைமு இல்லன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“கிரண் காதுல சொன்னப்பவே.”

“என் வெரல ஒடைக்கறதுக்கு முன்னாடியா?”

“முன்னாடிதான்.”

அவன் தலையாட்டினான். கோபப்படவில்லை. மெஷின் எப்படி வேலை செய்தது என்று விசாரிக்கிறவன்போலவே அடுத்ததையும் கேட்டான்.

“அப்பவே சொல்லிருந்தா?”

“பத்து பதினொண்ணுன்னு சொன்ன ஒடனே அவன் பையத் தூக்கிக்கினு போயிருப்பான். லேப்டாப்ப சொருவியே இருக்க மாட்டான். நீ கட்டுலயே இருந்துருப்ப. லாரி வந்துருக்கும். முழுக் கையும் போயிருக்கும்.”

“போயிருக்கும்னு நெனைக்கறியா, தெரியுமா?”

தாட்சாயணி ஈரமான தன் கட்டை இறுக்கினாள். சரக்கு ரயில் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கிரண்குமாருக்கு அதன் நீளத்தைப் பற்றிச் சொல்ல ஆயிரம் இருந்திருக்கும். அவன் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வாயைத் திறந்திருந்தால் கொலைகாரன் தப்பியிருக்கலாம். திறக்காததால் மூன்று விரல் போனது, அதுவும் அவளுடையது இல்லை. எனக்கு இதை எழுதி முடித்தும் தீரவில்லை, அதனால் உங்களிடமே கேட்கிறேன். அந்த ஹாலில், கொடுவாள் முதல் தடவை மேலே போன அந்த நொடியில், நீங்கள் அவள் இடத்தில் நின்றிருந்தால் கிரண்குமாரைப் பேச விட்டிருப்பீர்களா, காலை மிதித்திருப்பீர்களா?